ஆலயமும் ஆதுலசாலையும்

உடல் நோயுற்றால் மனிதன் வைத்தியரை நாடுகிறான். உள்ளம் துன்புற்றால் இறைவனை நாடுகிறான். எல்லா நாடுகளிலும் இது பொது வழக்கு. ஆனால் துன்பம் முற்றி உள்ளமே நோயுற்றுவிட்டால் அவன் எங்கே செல்வது? ஆலயத்துக்கா, ஆதுலசாலைக்கா? பெரும்பான்மை இனத்தவனுக்கு இது விருப்பத்தைப் பொறுத்த வினா. இரண்டு வாயில்களும் அவனுக்குத் திறந்திருக்கின்றன. சிறுபான்மை இனத்தவனின் நிலை பல வேளைகளில் அவ்வாறன்று. ஆதுலசாலையின் கதவு அவனுக்கு அடைபட்டிருக்கலாம். அல்லது அதனுள் நுழைந்தவன் நோயாளியாக அன்றிக் கைதியாக நடத்தப்படலாம். அத்தகைய மக்களுக்கு வழிபாட்டிடமே வைத்தியசாலையாகவும் அமைந்துவிடுகின்றது. அது அவர்களை எவ்வளவு தூரம் காத்தது, எவ்விடத்தில் காக்க இயலாது நின்றது என்பதை ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பின மக்களது வரலாற்றிலே தெளிவாகக் காணலாம்.

ஆங்கிலேயரின் வேர்ஜீனியாக் குடியேற்றத்துக்கு 1619 ஆம் ஆண்டில் கப்பலிலே கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர் சிலர் அங்கே விற்கப்பட்டனர். அன்று தொடக்கம், 1865 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் அடிமை முறையை ஒழிக்கும் வரை, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் அம்மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் உடைமைப் பொருள்களாகவே கருதப்பட்டனர். கணவன் ஒரு தோட்டத்துக்கும் மனைவி மற்றொரு தோட்டத்துக்கும் விற்கப்படுவது சட்டத்துக்கு மாறான செயலன்று. தாயிடமிருந்து குழந்தையைப் பிரித்து ஏலத்தில் விடுவதும் அவ்வாறே. இத்தகைய வாழ்வு மனித உள்ளத்துக்கு எத்துணைச் சேதம் விளைத்திருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வியப்புக்குரியது, அவ்வளவு சேதத்துக்கும் பின்னர் அம்மக்கள் ஒரு சமுதாயமாக எஞ்சி நின்றமையே.

அவ்வாறு அவர்கள் நிலைத்தமைக்குரிய காரணங்களுள் சமய நம்பிக்கை முதன்மையானது. அடிமைகளுக்கு எசமானர்கள் போதித்த சமயம் ஒன்று இருந்தது. வேதாகமத்திலே, ஊழியர்கள் தம் எசமானருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற பொருளுடைய பகுதிகளையே தெரிந்தெடுத்து வாசிப்பது அதன் இயல்பு. ஆனால் அடிமைகள் தமக்கெனக் கொண்ட சமயம் வேறு. பகல் முழுவதும் பருத்தி வயலிலே உழைத்தவர்கள், இரவில் கங்காணியின் கண்ணுக்குத் தப்பிக் காட்டுக்குள்ளே கூடி வழிபட்டனர். ஒலி வெளியே கேட்காதிருக்கும் பொருட்டு ஒரு பெரிய இரும்புப் பானையைக் கவிழ்த்து வைப்பார்கள். குரலை அப்பானை வாங்கிக்கொள்ளும் என்பது அவர்களின் நம்பிக்கை. விடுதலை பெற்ற பின்னர் முதுமை எய்திய பலர் தம் வாழ்க்கையைக் கூறியபோது இந்தப் பானையைப் பற்றியும் கூறியுள்ளனர்.

கவிழ்த்த பானையைச் சூழ்ந்து அவர்கள் செய்தது யாது? அழுதார்கள், பாடினார்கள், வட்டமாகச் சுற்றி ஆடினார்கள். எகிப்து மன்னனின் அடிமைத்தளையிலிருந்து இஸ்ரவேலர் விடுதலை பெற்ற கதையைத் தம் கதையாகவே எண்ணி உருகினார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, பகலிலே வாய்விட்டுக் கூற முடியாத துன்பத்தை அங்கே கூற முடிந்தது. கூறியவரை அங்கிருந்தோர் நம்பினர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயொருத்தி அழும்போது, அவளைப் பித்துப் பிடித்தவள் என்றோ சோம்பலால் நடிப்பவள் என்றோ எவரும் எள்ளவில்லை. துன்புற்றவரின் சொல்லை மெய்யென ஏற்றுக்கொள்வதே உளவைத்தியத்தின் முதற்படி என்று பிற்காலத்தார் கண்டறிந்தனர். அந்த முதற்படி, வைத்தியம் எதுவும் எட்டிப்பாராத அக்காட்டிலே முன்னமே அமைந்திருந்தது.

1831 இல் நாற் டேர்ணர் என்ற அடிமைப் போதகர் வேர்ஜீனியாவில் ஒரு கிளர்ச்சியை நடத்தினார். அதன்பின் கறுப்பினத்தவர் போதிப்பதையும், வெள்ளையர் மேற்பார்வையின்றிக் கூடி வழிபடுவதையும் தடைசெய்யும் சட்டங்கள் வந்தன. வழிபாடு அம்மக்களுக்கு எத்தகைய வலிமையை அளித்தது என்பதை அவர்களது எசமானர்களே நன்குணர்ந்திருந்தனர் என்பதற்கு இச்சட்டங்கள் சான்றாகும்.

வட மாநிலங்களிலே அடிமைத்தளையினின்றும் நீங்கிய கறுப்பினத்தவர் வெளிப்படையாகவே தம் ஆலயங்களை எழுப்பினர். பிலடெல்பியா நகரிலே ரிச்சர்ட் அலன், அப்சலோம் ஜோன்ஸ் என்னும் இருவரும் 1787 இல் சுதந்திர ஆபிரிக்கர் சங்கத்தை நிறுவினர். நோயாளருக்கும் கைம்பெண்களுக்கும் உதவுதல் அச்சங்கத்தின் பணிகளுள் ஒன்று. 1793 இல் அந்நகரை மஞ்சட் காய்ச்சல் சூறையாடியபோது, செல்வர் பலர் ஊரைவிட்டு ஓடினர். நோயுற்ற வெள்ளையரையும் கறுப்பரையும் வேறுபாடின்றிப் பேணி, இறந்தோரை அடக்கம் செய்தவர்களுள் அலனும் ஜோன்ஸும் திரட்டிய கறுப்பினத்தவர் முன்னின்றனர். அலனின் முயற்சியால் 1816 இல் ஆபிரிக்க மெதடிஸ்த எப்பிஸ்கோப்பல் திருச்சபை தனியொரு சபையாக உருவாயிற்று.

நியூயோர்க் நகரிலும் இத்தகைய ஆலயம் ஒன்று தோன்றியது. அங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த கறுப்பினத்தவர் 1809 இல் தனியே கூடி வழிபடத் தொடங்கி, 1818 இல் புனித பிலிப்பு தேவாலயம் என்ற பெயரால் சட்டப்படி ஒரு சபையாயினர். அவர்களின் குருவானவர் பீற்றர் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவர். 1834 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே அடிமை ஒழிப்பாளருக்கெதிராக அந்நகரிற் கலகம் மூண்டபோது, கலகக்காரர் இத்தேவாலயத்துள் புகுந்து அதனைச் சூறையாடினர். மேலிடத்து அத்தியட்சரோ கலகக்காரரைக் கண்டிப்பதை விடுத்து, அடிமை ஒழிப்புச் சங்கத்தினின்றும் விலகுமாறு வில்லியம்ஸைப் பணித்தார். அத்தியட்ச வட்டாரத்தின் மாநாட்டில் இச்சபையினருக்குரிய இடம் 1853 வரை மறுக்கப்பட்டது. ஒரே வேதாகமத்தை வாசித்து, ஒரே செபப் புத்தகத்தைக் கையாண்டவர்களிடையேயும் நிறத்தின் சுவர் இவ்வாறு எழுந்து நின்றது. பல இன்னல்களுக்குத் தப்பிய இத்தேவாலயத்துக்கு இவ்வரலாற்றிலே சிறப்பான ஓர் இடம் உண்டு.

இனி, வைத்தியமும் அரசும் அம்மக்களின் உள்ளத்தை எவ்வாறு நோக்கின என்பதைக் காண்போர்க்கு 1840 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பு நல்லதொரு சான்றாகும். மனநோயாளரையும் மதிவளர்ச்சி குன்றியோரையும் அமெரிக்க அரசு அம்மதிப்பிலே முதன்முதலாகக் கணக்கெடுத்தது. முடிவுகள் வெளிவந்தபோது நாடே வியந்தது. அடிமை முறை நிலவிய தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருள் 1,558 பேருக்கு ஒருவரே இவ்வாறு பாதிக்கப்பட்டவர்; விடுதலை பெற்று வாழ்ந்த வட மாநிலங்களிலோ 162 பேருக்கு ஒருவர். வடக்கே செல்லச் செல்ல விகிதம் உயர்ந்தது. மேய்ன் மாநிலத்தில் 14 பேருக்கு ஒருவர் என்று கணக்குக் கூறிற்று.

அடிமை முறையின் ஆதரவாளருக்கு இதனினும் இனிய செய்தி வேறில்லை. சுதந்திரம் கறுப்பினத்தவரைப் பித்தராக்குகின்றது. அடிமைத்தனமே அவர்தம் மனநலத்தைக் காக்கின்றது என அவர்கள் முழங்கினர். அரசாங்கத்தின் வெளிவிவகாரப் பொறுப்பை வகித்த ஜோன் கல்ஹூன், 1844 இல் பிரித்தானியத் தூதருக்கு எழுதிய கடிதத்தில் இப்புள்ளி விபரங்களை எடுத்துக்காட்டி அடிமை முறைக்கு அறிவியல் ஆதாரம் தேடினார்.

மாசச்சூசெட்ஸ் மாநில வைத்தியர் எட்வர்ட் ஜார்விஸ் முதலில் இக்கணக்கை நம்பியே எழுதினார். பின்னர் பட்டியல்களை ஊர் ஊராக ஆராய்ந்தபோது அவர் திடுக்குற்றார். கறுப்பினத்தவர் ஒருவரேனும் வாழாத ஊர்களில் கறுப்பின மனநோயாளர் இருப்பதாக எழுதப்பட்டிருந்தது. வூஸ்டர் நகரிலே 151 கறுப்பினத்தவர் வாழ்ந்தனர் என்றும், அவர்களுள் 133 பேர் மனநோயாளர் என்றும் பட்டியல் கூறிற்று. உண்மையில் அந்த 133 பேரும் அந்நகரின் அரசாங்க மனநோய் வைத்தியசாலையில் இருந்த வெள்ளையர். எழுதியவர் பிழையான நிரலில் அவர்களைச் சேர்த்துவிட்டார். ஜார்விஸ் தம் முன்னைய கருத்தை வெளிப்படையாகக் கைவிட்டார். அமெரிக்கப் புள்ளிவிபரச் சங்கம் இப்பிழைகளைத் திருத்துமாறு 1844 இல் காங்கிரசுக்கு விண்ணப்பித்தது. ஆயினும் அக்கணக்கு திருத்தப்படவில்லை.

இக்கணக்கை எதிர்த்துக் கறுப்பின மக்கள் சார்பிலே எழுந்த குரல் வைத்தியர் ஜேம்ஸ் மக்கியூன் சிமித்துடையது. அடிமைத் தாயொருத்தியின் மகனாக 1813 இல் நியூயோர்க்கிற் பிறந்த இவருக்கு அமெரிக்கக் கல்லூரிகள் கதவடைத்தன. இவர் கடல் கடந்து ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திற் பயின்று, 1837 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பல்கலைக்கழகமொன்றில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கக் கறுப்பினத்தவர் இவரே. புள்ளிவிபரக் கலையிலும் தேர்ந்த சிமித், குடிசன மதிப்பின் முரண்பாடுகளை 1844 இல் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, சுதந்திரம் எவரையும் பித்தராக்கவில்லை என நிறுவினார். இவர் வழிபட்ட ஆலயம், கலகக்காரர் சூறையாடிய அதே புனித பிலிப்பு தேவாலயம் என்பது குறிப்பிடத்தக்கது.

சிமித்தின் வாதம் அறிவுடையோரை நம்பச் செய்தது, அதிகாரமுடையோரை அசைக்கவில்லை. 1851 இல் லூயிசியானா மாநிலத்து வைத்தியர் சாமுவேல் கார்ட்ரைட் இன்னும் ஒரு படி மேலே சென்றார். அடிமைகள் தப்பியோடுவது ஒரு மனநோய் என்று கூறி, அதற்கு ‘டிரப்பெட்டோமேனியா’ எனக் கிரேக்கச் சொற்களாற் பெயரும் சூட்டினார். கறுப்பினத்தவர் முழந்தாளிட்டுப் பணிய வேண்டியவர் என்பது இறைவனின் சித்தம் என வேதாகமத்தை மேற்கோள் காட்டினார். நன்றாக உணவளித்துப் பேணியும் முகஞ்சுளிப்போருக்குச் சவுக்கடியே மருந்து என்பது அவரது சிகிச்சை முறை. சமயமும் வைத்தியமும் ஒருங்கே கறைபட்ட இடம் இதுவாகும். சமயத்தினால் மட்டும் நன்மை விளையும் என்றோ, அறிவியலால் மட்டும் நன்மை விளையும் என்றோ கருதுவோர் கார்ட்ரைட்டை மறத்தலாகாது. இரண்டு கருவிகளும் அவர் கையில் இருந்தன; தப்பியோடியவனிடம் ஏன் ஓடினாய் என்று கேட்கும் மனம் மட்டும் இருக்கவில்லை.

அடிமை முறை ஒழிந்த பின்னர் கறுப்பின மனநோயாளருக்கெனத் தனி விடுதிகள் எழுந்தன. வேர்ஜீனியாவிலே 1870 அளவில் கறுப்பினத்தவர்க்கு மட்டுமான முதலாவது அரசாங்க மனநோய் விடுதி ரிச்மண்ட் நகருக்கு அருகே செயற்படத் தொடங்கி, 1885 இல் பீற்றர்ஸ்பேர்க் நகருக்கு மாற்றப்பட்டது. மேரிலாந்து மாநிலத்தில் 1911 இல் தொடங்கிய கிரவுண்ஸ்வில் வைத்தியசாலையின் காட்டை வெட்டித் தளத்தைச் சீர்செய்து கட்டடத்தை எழுப்பியவர்களே அதன் முதல் நோயாளர். தொழிலே சிகிச்சை என்று கூறப்பட்டது. ஆனால் அது பழைய தோட்ட உழைப்பினின்றும் பெரிதும் வேறுபட்டதன்று. நெருக்கடியும் வறுமையும் நிறைந்த அவ்விடங்களைக் கறுப்பின மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. அங்கே சென்றவர் மீள்வது அரிது என்ற எண்ணம் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியது.

ஆகவே மனம் நொந்தவர் ஆலயத்தையே நாடினர். அறிஞர் டு பொய்ஸ் 1903 இல் வெளியிட்ட ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ என்ற நூலில், கறுப்பினத்தவரின் தேவாலயம் அவர்தம் சமூக வாழ்வு முழுவதற்கும் நடுநாயகமாக விளங்கியதை விளக்கியுள்ளார். பாடசாலை, வாசிகசாலை, உதவிச் சங்கம், கூட்ட மண்டபம் யாவும் அதுவே. வாரம் முழுவதும் பிறர் வீட்டிலே பெயர் சொல்லி ஏவப்பட்ட பெண், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ‘சகோதரி’ என மரியாதையுடன் அழைக்கப்பட்டாள். பிறரிடம் தொப்பியைக் கழற்றி நின்றவன் அங்கே மூப்பனாக வீற்றிருந்தான். இம்மரியாதை மனத்துக்கு மருந்தன்றோ!

எனினும் ஆலயத்தால் இயலாதவையும் இருந்தன. இல்லாத குரல்களைக் கேட்பவனும், உறக்கமிழந்து சாவை நாடுபவளும் மன்றாட்டினால் மட்டும் தேறிவிடுவதில்லை. அவர்கள் தேறாதபோது, நம்பிக்கை போதாது என்று பழி கூறிய போதகர்களும் இருந்தனர். பாவத்தின் விளைவு என்றும் தீய ஆவியின் செயல் என்றும் சிலர் உரைத்தனர். எவ்வளவோ துன்பங்களைத் தாங்கிய முன்னோரின் வழிவந்தவர் மனம் தளரலாமா என்ற பெருமையே சிலருக்குச் சுமையாயிற்று. குடும்பத்துக்கு இழுக்கு வருமென்று நோயை மறைத்தோர் பலர். துன்பத்தை வெளியிடுவதற்கென அமைந்த இடத்திலேயே ஒருவகைத் துன்பம் மட்டும் வாய் திறக்க முடியாது நின்றது.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே இலட்சக்கணக்கான கறுப்பினத்தவர் தெற்கை நீங்கி வடக்கின் தொழில் நகரங்களிற் குடியேறினர். நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதி அவர்களின் தலைநகர் போலாயிற்று. புனித பிலிப்பு தேவாலயமும் தன் மக்களைத் தொடர்ந்து அங்கே சென்றது. 134 ஆம் வீதியிலே அதன் புதிய கட்டடம் 1911 அளவில் முற்றுப்பெற்றது. வீதிக்கு வீதி தேவாலயங்கள் இருந்தன. கடையறைகளிலும் வழிபாடு நடந்தது. ஆனால் நெருக்கமான வீடுகளும், உயர்ந்த வாடகையும், நிலையற்ற தொழிலும், எங்கும் எதிர்ப்பட்ட இகழ்ச்சியும் மனத்தைத் தாக்கியபோது, செல்வதற்கு உளவைத்திய நிலையம் ஏறத்தாழ இல்லையென்றே கூறலாம். கட்டணம் செலுத்த வல்லவரையும் நிறங்கண்டு திருப்பியனுப்பிய வைத்தியர்கள் உண்டு.

இக்குறையைப் போக்க முன்வந்தவருள் இருவர் குறிப்பிடத்தக்கவர். ஒருவர் ‘நேற்றிவ் சன்’ என்ற நாவலை 1940 இல் வெளியிட்டுப் புகழ்பெற்ற எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட். கடுஞ் சமயப்பற்றுடைய பாட்டியாரின் வீட்டிலே வளர்ந்து, அக்கட்டுப்பாட்டினின்றும் விலகிச் சென்றவர் அவர். மற்றவர் ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய யூத மரபினரான உளவைத்தியர் பிரெட்ரிக் வேர்தம். அரசாங்க வைத்தியசாலைகளிற் பணியாற்றிய வேர்தம், ஹார்லெமில் ஓர் இலவச உளவைத்திய நிலையம் வேண்டுமென ஆண்டுக் கணக்காக முயன்றார். செல்வம் மிக்க அறக்கட்டளைகள் கைகொடுக்கவில்லை. பணம் கிடைக்காவிடினும் இடமாவது கிடைக்குமா எனத் தேடியபோது, உதவியவர் ஒரு சமயகுருவே.

புனித பிலிப்பு தேவாலயத்தின் குருவானவர் ஷெல்ட்டன் ஹேல் பிஷொப், தம் ஆலயத்தின் பங்கு மண்டபத்து நிலவறையை வாடகையின்றி அளித்தார். 1946 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்நிலவறையிலே லபார்க் நிலையம் திறக்கப்பட்டது. பால் லபார்க் என்பவர் கியூபாவிற் பிறந்து, ஆபிரிக்க இரத்தமும் யூத இரத்தமும் கலந்த குடும்பத்திலே தோன்றி, மருத்துவம் பயின்று, கார்ல் மார்க்ஸின் மருமகனாகிய சமவுடைமையாளர். கடவுள் நம்பிக்கை அற்றவர். அத்தகைய ஒருவரின் பெயர் தாங்கிய நிலையத்துக்குத் தேவாலயமொன்று தன் நிலவறையைத் திறந்துவிட்டது. கொள்கை வேறுபாட்டைக் கருதாது, நோயாளரின் தேவையையே கருதிய அக்குருவானவரின் உள்ளம் போற்றுதற்குரியது.

அந்நிலையம் எளிமையே உருவானது. செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களில் மாலை வேளைகளில் மட்டும் அது திறந்திருந்தது. பகலெல்லாம் வேலைசெய்வோர் வருவதற்கு அந்நேரமே ஏற்றது. கட்டணம் 25 சதம். அதுவும் இல்லாதோர் கொடுக்க வேண்டியதில்லை. வைத்தியர்களும் சமூகப் பணியாளரும் ஊதியம் பெறாத தொண்டர். அவர்களுட் கறுப்பரும் வெள்ளையரும் இருந்தனர். ஹிட்லரின் ஆட்சியினால் நாட்டைத் துறந்த யூத இனத்தவரான ஹில்டெ மொஸ்ஸெ என்ற பெண் வைத்தியர் அங்கே முக்கிய பொறுப்பை ஏற்று உழைத்தார். எந்த இனத்தவர் வந்தாலும் சிகிச்சை அளிப்பது நிலையத்தின் விதி.

மனநோய் விடுதி என்ற சொல்லுக்கே அஞ்சிய மக்கள் இங்கே எவ்வாறு வந்தனர்? ஆலயத்தின் வாயிலால் வந்தனர் என்பதே விடை. அவ்விடம் அவர்களுக்குப் பழகிய இடம். திருமணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் சென்ற முற்றத்தைக் கடந்து, சில படிகள் இறங்கினால் வைத்தியர் இருந்தார். அங்கே செல்வதைக் கண்டவர் எவரும் இழுக்காகக் கருதுவதற்கில்லை. நிலையத்தின் வைத்தியத்துக்கு ஆலயம் அளித்த பெருங்கொடை நிலவறை மட்டுமன்று. நூற்றாண்டுக்கு மேலாகத் தான் சேர்த்து வைத்திருந்த மக்களின் நம்பிக்கையையும் அது உடன் அளித்தது.

அங்கு பின்பற்றிய முறையும் புதியது. கறுப்பினத்தவருக்கெனத் தனியொரு மனம் உண்டு என்ற பழைய எண்ணத்தை வேர்தம் ஏற்கவில்லை. மனித மனம் ஒன்றே. அதனை அழுத்தும் சூழலே வேறு என்பது அவர் கொள்கை. வந்தவரிடம் கனவைப் பற்றிக் கேட்டவர்கள், வாடகையைப் பற்றியும் தொழிலைப் பற்றியும் பிள்ளைகளின் பாடசாலையைப் பற்றியும் கேட்டனர். அநீதியினால் நொந்த ஒருவரை அவ்வநீதிக்கு இசைந்துபோகப் பழக்குவது சிகிச்சையாகாது. அதனை எதிர்த்து வாழும் உறுதியை அவருக்கு அளிப்பதே சிகிச்சை என அவர்கள் கருதினர். எழுத்தாளர் ரால்ப் எலிசன் இந்நிலையத்தைப் பற்றி 1948 இல் ஒரு கட்டுரை எழுதினார். 1964 இலேயே அது நூலொன்றிற் சேர்ந்து வெளிவந்தது. இந்நிலையம் தொடங்கிய அதே 1946 இல், கெனத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் உளவியலாளத் தம்பதியரும் ஹார்லெமிலே சிறுவருக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினர்.

நிலவறையில் நடந்த பணி 1951 இல் நாடறியும் வண்ணம் வெளிப்பட்டது. டெலவெயர் மாநிலத்திலே கறுப்பினப் பெற்றோர் சிலர், தம் பிள்ளைகளை வெள்ளையர் பாடசாலையிற் சேர்க்க மறுப்பதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். அம்மாநிலத்துச் சிறுவர் சிலர், கறுப்பரும் வெள்ளையரும், லபார்க் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். வைத்தியர்கள் அவர்களோடு விளையாடியும் உரையாடியும் அவர்தம் மனநிலையை ஆராய்ந்தனர். கட்டடமும் ஆசிரியரும் எவ்வளவு சிறந்தனவாயினும், பிரித்துவைத்தல் என்பதே பிள்ளையின் மனநலத்துக்குத் தீங்கு என வேர்தம் நீதிமன்றிற் சாட்சியம் அளித்தார். நீதிபதி கொலின்ஸ் சைட்ஸ் அச்சாட்சியத்தை மதித்து, 1952 ஏப்ரலில் அப்பிள்ளைகளை வெள்ளையர் பாடசாலைகளிற் சேர்க்குமாறு தீர்ப்பளித்தார். பின்னர் உயர் நீதிமன்றத்தின் முன் ஒன்றாக விசாரிக்கப்பட்ட ஐந்து வழக்குகளுள் இதுவும் ஒன்று. 1954 மே 17 ஆம் நாள், பாடசாலைகளில் இன அடிப்படையிலான பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் ஒருமுகமாகத் தீர்ப்பு வழங்கிற்று.

1844 இலே புனித பிலிப்பு சபையைச் சேர்ந்த ஒரு வைத்தியர் தம் மக்களின் மனநிலையைப் பற்றிய பொய்க் கணக்கை எதிர்த்து வாதாடினார். அவர் சொல் அரசின் செவியில் ஏறவில்லை. ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே தேவாலயத்தின் நிலவறையிலே சிறுவர் கூறிய சொற்கள், நீதிமன்றம் ஏற்ற சான்றாயின. இடைப்பட்ட காலத்தில் மனித மனம் மாறவில்லை. அதன் முறையீட்டைக் கேட்போர் தோன்றினர் என்பதே வேறுபாடு.

லபார்க் நிலையம் நீடித்து நிலைக்கவில்லை. குருவானவர் பிஷொப் 1957 இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டில் நிலையம் மூடப்பட்டது. வேர்தமின் புகழும் பின்னர் மங்கிற்று. சித்திரக் கதைப் புத்தகங்கள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று 1954 இல் அவர் வெளியிட்ட நூலிலே, நோயாளரின் கூற்றுகளைத் தம் வாதத்துக்கு இசையத் திரித்துள்ளார் என 2012 இல் வெளிவந்த ஆய்வொன்று நிறுவியது. அந்நூலுக்குரிய செய்திகளிற் சில இந்நிலையத்துச் சிறுவரிடமிருந்து பெறப்பட்டவை. பிறர் சொல்லைச் செவிமடுத்ததால் உயர்ந்தவரும், அச்சொல்லைத் தம் விருப்பத்துக்கு வளைக்கும்போது தாழ்கின்றார்.

பழைய பிழைகள் புதிய உருவிலும் தோன்றின. குடியுரிமைப் போராட்டம் கொந்தளித்த 1968 இல், எதிர்ப்பில் ஈடுபட்ட கறுப்பின ஆடவரிடையே ‘எதிர்ப்பு மனநோய்’ ஒன்று காணப்படுவதாக உளவைத்தியர் இருவர் ஆய்விதழொன்றில் எழுதினர். தப்பியோடுதலை நோயென்ற கார்ட்ரைட்டின் எதிரொலி அதிலே கேட்கின்றது. அடுத்த ஆண்டிலேயே கறுப்பின உளவைத்தியர்கள் தமக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். 2021 சனவரியில் அமெரிக்க உளவைத்தியச் சங்கம், இன ஒடுக்குமுறையிலே தன் துறைக்கிருந்த பங்கிற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது.

2001 முதல் 2003 வரை கறுப்பினத்தவரிடையே நாடளாவிய ஆய்வொன்று நடைபெற்றது. கடும் மனச்சோர்வு நோய்க்கு வாழ்நாளில் ஒருமுறையேனும் ஆளானவரின் விகிதம் வெள்ளையரிலும் கறுப்பினத்தவரிடையே குறைவு என்று அது கண்டது. ஆனால் நோய்ப்பட்ட கறுப்பினத்தவரிடம் அது நீடித்தும் கடுமையாகவும் நின்றது. அவர்களுள் அரைவாசிக்கும் குறைவானவரே சிகிச்சை பெற்றனர். குடும்பப் பிணைப்பும் வழிபாட்டு வாழ்வும் ஒரு காப்பாக அமைகின்றன எனப் பல அறிஞர் கருதுகின்றனர். ஆயினும் அக்காப்பைக் கடந்து நோய் புகுந்துவிட்டால், வைத்தியத்துக்குச் செல்லும் பாதை இன்றும் நெடியதாகவே உள்ளது. அதனாலேயே போதகர்களுக்கு மனநோயின் அறிகுறிகளைக் கற்பிப்பதும், வைத்தியர்களை ஆலயங்களுக்கு அழைப்பதும் பல நகரங்களில் நடைபெறுகின்றன. ஹார்லெம் நிலவறையின் படிகளைப் புதிதாகக் கட்டும் முயற்சி எனலாம்.

இவ்வரலாறு ஒரு நாட்டுக்கோ ஒரு மதத்துக்கோ மட்டும் உரியதன்று. பல இனத்தவரும் பல சமயத்தினரும் வாழும் எந்நாட்டிலும், எண்ணிக்கையிற் குறைந்தோரின் துயரம் அவர்தம் வழிபாட்டிடங்களிலேயே முதலில் வாய் திறக்கின்றது. அத்துயரத்தைக் கேட்கும் குருமார், தம்மால் ஆற்ற இயலாத நோய் எதுவென அறிந்து வைத்தியரிடம் கையளித்தல் வேண்டும். வைத்தியரும், நோயாளரின் நம்பிக்கையை அறியாமையென இகழாது, அந்நம்பிக்கை காத்துவைத்த உயிரையே தாம் பேணுகின்றனர் என்பதை உணர்தல் வேண்டும். கவிழ்த்த பானையின் அருகிருந்து அழுத தாய்க்கு வேண்டியிருந்தவை இரண்டு: அவள் சொல்லை நம்புவோர் ஒருவர், அவள் நோயைத் தீர்ப்போர் ஒருவர். முன்னையவர் ஆலயத்திலும் பின்னையவர் ஆதுலசாலையிலும் தனித்தனியே இருப்பின், இடையிலுள்ள வழியிலே அவள் வீழ்ந்துவிடுவாள். ஒரே கூரையின் கீழ் இருவரும் கூடிய இடம், வாரத்தில் இரண்டே மாலைகள் திறந்திருந்த ஒரு நிலவறையாயினும், மக்கள் அதனைத் தேடி வந்தனர்.